நான்காம் மாடிக் கதவும் ஏழு ஃபாலோ அப்பும்

பதினோரு மாத வேலையில் சின்னவள் போராடி ஜெயித்தவை இவை. முதுகுச் சாய்வு உடையாத ஒரு நாற்காலி. மூன்று பேர் மாறி மாறி மறுத்த பிறகு தனக்கென்று ஒரு தொலைபேசி. ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவள் என்று தெரிந்தும், "அந்தப் பொண்ணுகிட்டயே குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பேசும் பதினெட்டுக் கட்டடங்கள். மெக்கானிக்குகள் வைத்த ஒரு பட்டப்பெயர். கடைசியாக, புகார்ப் பதிவேட்டின் வலது ஓரத்தில் இரண்டு அங்குல அகலத்தில் ஒரு கட்டம்.

இந்த வரிசை மாறாமல் நினைவில் வைத்திருப்பவள் அவளுடைய அக்கா. வீட்டில் அக்கா பெரியவள், தங்கை சின்னவள். இருவருக்கும் வயது ஏறிய பிறகும் அந்தப் பெயர்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

பெரியவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். சட்டை தைக்கும் நிறுவனத்தில் பதினாறு வருடமாகச் சரிபார்க்கும் மேசையில் நிற்கிறாள். ஒரு சட்டைக்கு ஒன்றரை நிமிடம். காலர், கைப்பட்டி, பொத்தான் துளை, பை, அடிமடிப்பு என்று கண்ணை ஓட்டி, தையல் விட்ட இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறியை ஒட்டி ஒதுக்கிப் போடுவாள். ஒட்டியதைத் தானே பிடுங்கிய நாள் இல்லை. அப்படிப்பட்டவள் தங்கை விஷயத்தில் தேதியும் நேரமும் தப்பவிடுவாளா?

2018 ஏப்ரல் 2, திங்கட்கிழமை. நூற்று நாற்பது கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் சின்னவளுக்கு நேர்முகத் தேர்வு. புகார் தொலைபேசியை எடுத்துப் பேசும் வேலை, தற்காலிகம். வாசல் பெஞ்சில் நாற்பது நிமிடம் காத்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சூப்பர்வைசர் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்த நாற்பது நிமிடத்தில் அவர் "ஃபாலோ அப் பண்றோம்" என்று பதினோரு தடவை சொன்னதை அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் அதைச் சொன்ன கையோடு போனை வைத்தார். வைத்ததும் அவர் முகத்தில் ஒரு வேலை முடிந்த நிம்மதி.

உள்ளே மேனேஜர் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். புகார் வந்தால் என்ன செய்வாய் என்று அதற்கு அர்த்தம் என்பதை அவள் ஊகித்துக்கொண்டாள். "ஐ வில் ஃபாலோ அப், சார்" என்றாள். மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தலையை ஆட்டினார். அந்த அலுவலகத்தின் தாய்மொழி அவளுக்குத் தெரிந்திருந்தது, வேறென்ன வேண்டும்?

வேலை கிடைத்த பிறகுதான் சின்னவளுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டிலிருந்து அகராதி இரவல் வாங்கி வந்தார்கள். பெரியவள்தான் விரலால் தடவித் தடவித் தேடிக் கண்டுபிடித்து உரக்கப் படித்தாள். ஒரு காரியத்தை விடாமல் தொடர்ந்து, முடிவு தெரியும் வரை கவனிப்பது என்று போட்டிருந்தது.

"அட, இது நம்ம செக்கிங் வேலைதான்டி" என்றாள் பெரியவள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அலுவலகத்தில் வேறு யாரிடமும் அந்த அகராதி இல்லை.

அலுவலகத்தில் அந்த வார்த்தை எங்கெங்கே எப்படிப் புழங்கியது என்பதைச் சின்னவள் தினமும் வீட்டுக்கு வந்து ஒப்பிப்பாள். கூட்டத்தின் கடைசியில் மேனேஜர் சொன்னால், எல்லோரும் எழுந்து போகலாம். சூப்பர்வைசர் போனில் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் போனை வைக்க வேண்டும். மெக்கானிக் சொன்னால் நாளைக்கு என்று அர்த்தம். அந்த நாளை எந்த நாளை என்று கேட்கக் கூடாது. கடிதத்தில் எழுதி வந்தால், உங்களை மறக்கவில்லை, ஆனால் உங்களுக்காக எதுவும் செய்யவும் இல்லை என்று அர்த்தம். அம்மாவின் முழங்கால் வலிக்குப் பார்க்கும் டாக்டர் ஒருவர்தான் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒரு தேதியையும் எழுதிக் கொடுப்பவர். அந்தத் தேதியில் போனால் அவரும் இருப்பார். அதனால் அம்மாவுக்கு அந்த வார்த்தை மேல் நல்ல மதிப்பு.

சின்னவள் அகராதிப்படி நடந்தாள். புகார் வந்த கட்டடத்துக்கு இரண்டு நாள் கழித்துத் தானே போன் போட்டு, சரியாகிவிட்டதா என்று கேட்டாள். முதல் வாரம் யாரும் நம்பவில்லை. ஒருவர், நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்று கேட்டார். மெக்கானிக்குகளுக்கும் போன் போட்டாள். மூன்றாவது மாடிப் பொத்தான் எரிகிறதா, எரியவில்லை என்றால் ஏன் எரியவில்லை, எப்போது எரியும். மூத்த மெக்கானிக் ஒருவர் அவளுக்கு ஒட்டுப்புல் என்று பெயர் வைத்தார்.

"பேன்ட்டுல ஒட்டினா வீட்டுப் படி வரைக்கும் கூடவே வரும். நீயும் அந்த ஜாதிதான் தாயி" என்று அவளிடமே சொன்னார். சொல்லிவிட்டு, அந்தப் பொத்தானையும் மாற்றிவிட்டு வந்தார். பெரியவள் அந்தப் பட்டப்பெயரைத் தன் மேசையில் நின்ற அத்தனை பேரிடமும், ஏதோ பட்டம் வாங்கி வந்தது போலச் சொன்னாள்.

வீட்டுக்குள்ளும் அது வந்தது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியவளின் கணவர் அப்போதுதான் மைத்துனியிடமிருந்து கற்றிருந்த வார்த்தையை எடுத்து, "ஃபாலோ அப் பண்றேன்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். மூன்றாம் நாள் காலை சின்னவள் தட்டை வைத்துக்கொண்டே, "அத்தான், குழாய் ஃபாலோ அப் இப்ப எந்தக் கட்டத்துல இருக்கு?" என்று கேட்டாள். அவர் எழுந்து போய் வாஷர் வாங்கி வந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் அந்த வார்த்தையை வாயில் எடுத்ததில்லை.

இனி பதிவேட்டின் கதை. நீளமான, கனத்த அட்டைப் புத்தகம். தேதி, கட்டடம், புகார், எடுத்த நடவடிக்கை என்று நான்கு பத்தி. வலது ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு கையெழுத்துக் கட்டம். தற்காலிக ஊழியர்கள் எழுதலாம், கையெழுத்துப் போடக் கூடாது. அது சூப்பர்வைசரின் உரிமை. அவருக்கோ ஆயிரம் ஜோலி. அதனால் திங்கட்கிழமை காலையில், தேநீர் ஆறுவதற்குள், அந்த வாரத்துக்கு வேண்டிய வெற்றுப் பக்கங்களில் எல்லாம் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். எழுத்து பிறகு வந்து சேரும். சின்னவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் நடவடிக்கை என்ற பத்தியில் "ஃபாலோ அப் செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினார்கள். பக்கத்துக்கு இருபது தடவை. பார்க்க ஒரே சீராக, அழகாக இருக்கும்.

சின்னவள் எழுதியது அழகாக இருக்காது. யாரிடம் பேசினாள், எத்தனை மணிக்கு, அவர் என்ன சொன்னார், மறுபடி எப்போது கேட்க வேண்டும் எல்லாம் இருக்கும். "ஏம்மா, நாவலா எழுதற?" என்று சூப்பர்வைசர் ஒரு தடவை கேட்டார். நாவல் என்று நினைத்ததாலோ என்னவோ, அவர் அதைப் படிக்கவில்லை.

2019 ஜனவரி 7-ஆம் தேதி, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து, நான்காம் மாடியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற டீச்சர் போன் செய்தார். லிஃப்ட் கீழே நிற்கும்போதே நான்காம் மாடிக் கதவு கையால் இழுத்தால் திறந்துகொள்கிறது. திறந்தால் உள்ளே கிணறு மாதிரி இருக்கிறது என்றார். லிஃப்ட் பெட்டி வந்து நின்றால்தான் கதவு திறக்க வேண்டும். அதற்கென்று ஒரு பூட்டு உண்டு. அது தேய்ந்துவிட்டது. ஒட்டுப்புல் என்று பெயர் வைத்த அந்த மெக்கானிக்தான் போய்ப் பார்த்தார்.

"தட்டி நிமித்தி வெச்சிருக்கேன் தாயி. எத்தனை நாளைக்கு நிக்கும்னு சொல்ல முடியாது. பூட்டையே மாத்தணும். சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சரின்னு சொன்னா அரை மணி நேர வேலை."

சின்னவள் போய்ச் சொன்னாள். சூப்பர்வைசர் நிமிராமலே, "ஃபாலோ அப் பண்ணும்மா" என்றார்.

"யாரை சார்?"

அவர் சிரித்தார். நல்ல கேள்வி என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். அவள் யாரைத் தொடர்ந்து போய்க் கேட்க வேண்டுமோ, அவர்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 7 முதல் பிப்ரவரி 25 வரை வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு வாரம் அவர் விடுப்பில் போனது போக, மொத்தம் ஏழு தடவை சின்னவள் அந்த மேசை முன்னால் போய் நின்றாள். ஏழு தடவையும் அதே பதில். ஏழையும் எழுதி வைத்தாள். பூட்டு வரும் வரை கதவின் முன்னால் ஏதாவது பெரிதாக வைத்து மறியுங்கள் என்று டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் தன் பெரிய பூந்தொட்டியை நகர்த்தி வைத்தார். அதையும் எழுதினாள்.

பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை. டீச்சரின் எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவர்களின் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. வேறு வீட்டுக்குப் போக வேண்டியது தவறி இங்கே ஏறிவிட்ட ஒரு சாய்வு நாற்காலியைத் திரும்பக் கீழே கொண்டு போக இரண்டு ஆட்கள் தூக்கி வந்தார்கள். வழியில் பூந்தொட்டி. காலால் தள்ளி ஓரங்கட்டினார்கள். பின்பக்கமாக நடந்தவர் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுக் கதவை இழுத்தார். கதவு பூப்போலத் திறந்தது. லிஃப்ட் தரைத் தளத்தில் இருந்தது.

நாற்காலி கை நழுவிக் கிணற்றுக்குள் போய்விட்டது. அந்த ஆளின் ஒரு கால் முழங்கால் வரை வெறும் காற்றில் இறங்கியது. எதிரே இருந்தவர் எட்டி அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். காலர் தாங்கியது. முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சின்னவள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அழுதாள். பெரியவளுக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு அவள் முதலில் கேட்டது, அது எந்தக் கம்பெனிச் சட்டை என்றுதான்.

பாதுகாப்பு ஆய்வாளர் மார்ச் 4, திங்கட்கிழமை பத்து மணிக்கு வருவார் என்று கடிதம் வந்தது. மேனேஜர் கூட்டம் போட்டார். சூப்பர்வைசர் எழுந்து, தன் காதுக்கு இந்தக் கதவு விஷயம் வரவே இல்லை என்றும், புதுப் பெண், ஆங்கிலமும் தட்டுத் தடுமாற்றம், சொல்ல மறந்திருப்பாள், பாவம் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார். மேனேஜர் சின்னவளைப் பார்க்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும், சொல்லவில்லை என்று ஆனால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடலாம் என்றார். அவளுடைய தற்காலிக வேலை மார்ச் மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்ற காகிதமும் அவர் மேசையில்தான் இருந்தது.

பதிவேடு என்ற சொல்லைக் கேட்டதும் சூப்பர்வைசருக்கு அந்த நாவலின் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை மாலை அவளைக் கூப்பிட்டு ஒரு புதுப் பதிவேட்டைக் கொடுத்தார். பழக்க தோஷம்; பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தைப் போட்டே கொடுத்தார்.

"பழசுல ஒரே கறைம்மா, பார்க்கவே நல்லா இல்ல. உனக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. இந்த வருஷத்தைப் புதுசா எழுதிட்டு வந்துடு. எல்லாத்தையும் எழுதணும்னு இல்ல. அவசியமானதை மட்டும். புரியுதில்ல?" கதவு வரை போனவளை மறுபடி கூப்பிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, "உன் பர்மனென்ட் விஷயத்தையும் நான் ஃபாலோ அப் பண்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட மேசையைத் துடைத்துவிட்டு அக்காவும் தங்கையும் இரண்டு பதிவேடுகளையும் விரித்து உட்கார்ந்தார்கள். பெரியவளுக்கு விஷயம் முழுக்கத் தெரியும். தன் தங்கை மாதச் சம்பளக்காரியாக, நாற்காலி உள்ளவளாக, நிரந்தரமாக ஆவதை அவள் மனசுக்குள் பல தடவை தைத்துப் பார்த்து வைத்திருந்தாள். அந்த ஆசையில் பதினாறு வருடத்தில் சொல்லாததைச் சொன்னாள்.

"அந்த ஏழையும் விட்டுட்டு எழுதிக் குடுத்துடுடி. யாருக்கும் எதுவும் ஆகலையே."

சின்னவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். "காலர் கிழிஞ்சிருந்தா?"

"கிழியலைல்ல."

"ஏன் கிழியலை? எங்கயோ ஒருத்தி பார்த்து அனுப்பிச்சிருக்கா. நீ அம்பு ஒட்டாம விட்டிருக்கியாக்கா, ஒரே ஒரு தடவை?"

"அது சட்டைடி. இது உன் பொழப்பு."

சின்னவள் பழைய பதிவேட்டை அக்கா பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"சரி, அவர் சொன்ன மாதிரியே எழுதலாம். அவசியமானதை மட்டும். நீயே சொல்லு. ரெண்டாவது மாடியில விளக்கு மாத்தினது, அவசியமா?"

"இல்ல."

"விசிறி சத்தம்?"

"அது என்ன பெரிய விஷயம்."

"பொத்தான்ல எண் அழிஞ்சு போச்சு?"

"வேணாம்." சொல்லிவிட்டுப் பெரியவள் நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கணக்கு எங்கே போய் முடியப் போகிறது என்பது அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. விளக்கையும் விசிறியையும் எண்ணையும் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது எது?

"இதைப் பார்த்தா உன்னை அங்கேயே வெளியே அனுப்பிடுவாங்கடி" என்றாள்.

"அனுப்பினா அனுப்பட்டும். எழுதினதை எழுதலைன்னு என்னால எழுத முடியாதுக்கா."

பெரியவள் எழுந்து போய் அளவுகோலைக் கொண்டு வந்தாள். புதுப் பதிவேட்டின் பத்திக் கோடுகள் கொஞ்சம் மங்கலாக அச்சாகியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அழுத்தி இழுத்துக் கொடுத்தாள். ஒரு கோடும் கோணவில்லை.

பத்து மணி என்று சொன்ன ஆய்வாளர் திங்கட்கிழமை ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். சின்னவள் உள்ளே நுழைந்த உடனே சூப்பர்வைசர் அவள் கையிலிருந்து புதுப் பதிவேட்டைப் பறிக்காத குறையாக வாங்கினார். நடந்துகொண்டே ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தார். கோடுகள் நேராக இருந்தன, எழுத்து முத்தாக இருந்தது, கையெழுத்து அவருடையதாக இருந்தது. திருப்தியோடு கொண்டு போய் ஆய்வாளர் முன் வைத்தார்.

"இது உங்க கையெழுத்தா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"ஆமா சார். ஒவ்வொரு பக்கமும் நானே படிச்சுப் பார்த்துட்டுத்தான் போடுவேன். அதுல நான் கண்டிப்பு."

ஆய்வாளர் நான்கு நிமிடம் படித்தார். படித்துவிட்டு ஐந்தாவது பதிவை வாய்விட்டு வாசித்தார். "பிப்ரவரி 11, காலை 11.10. நான்காம் மாடிக் கதவுப் பூட்டு பற்றி சூப்பர்வைசரிடம் ஐந்தாம் முறை சொன்னேன். ஃபாலோ அப் செய்யச் சொன்னார். யாரை என்று கேட்டேன். சிரித்தார்."

பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "ஏன் சிரிச்சீங்க?" என்று கேட்டார்.

சூப்பர்வைசருக்கு இரண்டு வழி இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லலாம். படித்தும் சும்மா இருந்தேன் என்று சொல்லலாம். எது குறைந்த கேடு என்று அவர் மனசு கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், ஆய்வாளர் பக்கங்களைப் புரட்டி, இத்தனை பெரிய நிறுவனத்துக்கு இரண்டு மாதத்தில் ஏழே ஏழு புகார்தானா என்று ஆச்சரியப்பட்டார். சின்னவள் பையிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "முழுசா இதுல இருக்கு சார். அதுல அவசியமானது மட்டும்" என்றாள். ஆய்வாளர் இரண்டையும் பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்தார். ஒரு சொல் மாறவில்லை.

யாரும் யாரையும் வெளியே அனுப்பவில்லை. அந்த நிறுவனத்தில் அப்படி அவசரப்பட மாட்டார்கள். சூப்பர்வைசரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவருடைய புது வேலை. முதல் வகுப்பின் தலைப்பு, புகார்களை ஃபாலோ அப் செய்வது எப்படி. நன்றாக எடுத்தார் என்றுதான் கேள்வி.

பதிவேட்டின் கையெழுத்துக் கட்டம் மட்டும் அனாதையாகிவிட்டது. அந்த வாரமே பக்கத்து மேசை சூப்பர்வைசருக்குத் திடீரென்று கண் பார்வை மங்கியது. அதற்கு அடுத்த மேசைக்காரருக்கு மணிக்கட்டு வலி. எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆனதும், அதுவரை அடித்துக்கொண்டு நின்ற உரிமையை ஒருவரும் சீந்தவில்லை. கடைசியில் மேனேஜர் சுற்றறிக்கை விட்டார்: இனிமேல் எழுதுகிறவரே கையெழுத்திட வேண்டும், நிரந்தரமா தற்காலிகமா என்று பார்க்க வேண்டியதில்லை. சின்னவளுக்கு அந்தக் கட்டம் வந்தது இப்படித்தான். திறமையைப் பார்த்து யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. வாங்க ஆளில்லாமல் அவள் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

நிரந்தரம் பற்றி அவள் கேட்டபோது மேனேஜர், "ஃபாலோ அப் பண்றோம்மா" என்றார். "யாரு சார், எந்தத் தேதிக்குள்ள?" என்று அவள் பேனாவோடு நின்றாள். அவர் மார்ச் 29 என்றார். கடிதம் 28-ஆம் தேதியே வந்துவிட்டது. அம்மா அதை டாக்டர் சீட்டுகள் இருக்கும் பெட்டியில் பத்திரப்படுத்தினாள்.

ஆனால் பெரியவள் தன் சரிபார்க்கும் மேசையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருப்பது அந்தத் தேதியை அல்ல. பரீட்சைச் சீட்டிலும் வங்கிப் படிவத்திலும் சின்னவள் அதுவரை போட்ட கையெழுத்தெல்லாம், தான் யார் என்று காட்டப் போட்டவை. தான் செய்து முடித்த ஒரு வேலைக்குக் கீழே அவள் முதல் முதலாகத் தன் பெயரை எழுதியது, அந்தப் பூட்டு மாற்றப்பட்ட அன்றுதான். மெக்கானிக் பூட்டை மாட்டிவிட்டுப் போன் செய்தார். சின்னவள் நம்பாமல் டீச்சருக்குப் போன் போட்டு, லிஃப்டைக் கீழே அனுப்பிவிட்டுக் கதவை இழுத்துப் பார்க்கச் சொன்னாள். டீச்சர் இழுத்தார். பலம் கொண்ட மட்டும் இழுத்தார். திறக்கவில்லை. பூந்தொட்டியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுத்துவிடுங்கள் டீச்சர் என்றாள். அதை எழுதி, வலது ஓரத்துக் கட்டத்துக்குள், கோட்டைத் தொடாமல், தன் பெயரை முழுசாக எழுதினாள்.

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை 10.40.